மாட்டுங்காவில் லைஃப் டிராயிங்: ஆடையில்லாத மாடலை வைத்து நடத்தலாமா?

கோட்டுருவம் (கேள்வி):
மும்பை மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் கூடி, மாடலை நேரில் பார்த்து வரையும் (லைஃப் டிராயிங்) குழு எங்களுடையது. எல்லாரும் 18 தாண்டியவர்கள், பாதிப்பேர் தமிழர்கள். இதுவரை மாடல் உடையோடுதான் உட்கார்ந்தார்கள். இப்போது அறுபதை நெருங்கும் ஒரு அம்மா, உடையில்லாமல் போஸ் தர அவராகவே முன்வந்திருக்கிறார். குழுவில் எதிர்ப்பில்லை. அறையை வாடகைக்கு விடுபவருக்குத்தான் போலீஸ் பயம். சட்டம் என்ன சொல்கிறது? அறையில் என்னென்ன ஏற்பாடு செய்யணும்?

வக்காலத்து:
நிர்வாணம் வேறு, ஆபாசம் வேறு என்று அறையை வாடகைக்கு விடுபவருக்கு முதலில் புரியவையுங்கள். ஆடையில்லை என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது, இன்றைய சமூகத்தின் கண்ணால் பார்க்க வேண்டும் என்று 2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்ம ஊரிலேயே 1954-ல் ஜஹாங்கீர் கேலரியில் வைத்த ஓவியங்களுக்காக ஓவியர் அக்பர் பதம்ஸி மேல் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் விடுவித்தது.

கவனிக்க வேண்டியது இடம். பொது இடத்தில் மற்றவர்களுக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசமாக நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 296-வது பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாசலில் டிக்கெட் விற்றால் அதுவும் பொது இடம்தான் என்று வாதாட வழி விட்டதாகிவிடும். முன்பதிவு செய்தவர்கள் மட்டும், பெயர்ப் பட்டியலோடு. எதிர் பில்டிங்கிலிருந்து பார்வை விழாதபடி ஜன்னலுக்குக் கனமான திரை. ஜூஹு மாதிரி கடற்கரையில் நடத்தும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

போன் விஷயத்தில் தயவு தாட்சண்யமே வேண்டாம். சம்மதமில்லாமல் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் (ஐடி) சட்டம் 66இ பிரிவு: மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லாப் போனும் ஒரே பெட்டியில், அறைக்கு வெளியே.

கரித்துண்டு:
சட்டத்தைவிட அந்த அம்மாவோட சௌகரியம் பெரிசு. உடை மாத்த மறைப்பு, முன்பக்கம் கட்டுற அங்கி, உட்கார்ற இடத்துல துவைச்ச புது விரிப்பு. இடைவேளையில அங்கி போட்ட பிறகுதான் யாரும் பேச்சுக் கொடுக்கணும். கை கால் நிலையை வாயால சொல்லுங்க, தொட்டுத் திருத்தவே கூடாது. ஏசி 26-க்குக் கீழ வேண்டாம், ஃபேன் நேரா மேல அடிக்கக் கூடாது.

முதல் அரை மணி நேரம் 30 விநாடி, 1 நிமிஷம், 5 நிமிஷம்னு சின்னச் சின்ன போஸ். அப்புறம் நின்னா 15, உட்கார்ந்தா 20 நிமிஷம். ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் 5 நிமிஷம் ஓய்வு. நிக்கறப்ப முழங்காலை விறைப்பா பூட்ட விடாதீங்க, ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். ஓய்வுக்கு முன்னாடி குதிகால், விரல் நுனி பட்ட இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, அதே போஸுக்குத் திரும்ப வரலாம். சம்பளம் அன்னைக்கே கையில.

கோட்டுருவம்:
ரொம்ப நன்றி. ஒரே ஒரு கவலை: சிலர் மாடலை இளமையாக்கி வரைந்துவிடுகிறார்கள்.

கரித்துண்டு:
அது மரியாதையில்லை, அவங்களைத் திருத்துறது. வயித்து மடிப்பு, சிசேரியன் தழும்பு, தளர்ந்த தோள்பட்டைத் தோல் எல்லாம் அப்படியே தாள்ல வரணும். பாதித் தப்பு வெளிச்சத்தால. தலைக்கு மேல ட்யூப் லைட் எரிஞ்சா மடிப்பெல்லாம் தட்டையாகிடும். அதை அணைச்சுட்டு, ஒரு பக்கம் 45 டிகிரி உயரத்துல ஒரே விளக்கு வைங்க. மீதித் தப்பு தலையிலிருந்து தொடங்கி, பாதத்துக்குத் தாள் போதாம போறது. நிக்கிற உருவத்துக்கு நடுப்புள்ளி கிட்டத்தட்ட கால்கள் பிரியுற இடம். அதை முதல்ல குறிச்சுட்டு மேலயும் கீழயும் போங்க.

வக்காலத்து:
வரைந்ததை இணையத்தில் போடலாமா, முகம் அடையாளம் தெரியலாமா என்று அந்த அம்மாவிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். முகத்துக்குச் சம்மதமில்லையென்றால் தலையை வெறும் முட்டை வடிவத்தோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள்.