ரீபில்ட் செய்த பிளாஸ்டர்: முதலில் ஜெட்டா, லீக் டெஸ்டா?

மண்மேடு:
யமஹா பிளாஸ்டர் ஏடிவி (மண்பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி), 195 சிசி டூ-ஸ்ட்ரோக். சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) புது பிஸ்டன், ரிங், கிராங்க் சீல் எல்லாம் போட்டாயிற்று. ஏர்பாக்ஸ் மூடியை எடுத்துவிட்டேன். ஆயில் பம்ப் இப்போது கிடையாது, பெட்ரோலிலேயே 32:1 ஆயில் கலவை. சூடானதும் த்ராட்டிலை விட்டால் ஆர்பிஎம் இறங்காமல் அப்படியே நிற்கிறது. மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) இரண்டு அளவு ஏற்றியும் மாற்றமில்லை. இன்னும் ஏற்றவா?

புகைப்பிரியன்:
ஏற்றுங்கள். மூடி இல்லாததால் காற்று கூடுதலாக வருகிறது. ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருந்தால் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடினால் புது பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். ரன்னிங்-இன் (புது பாகங்கள் பழகும் ஓட்டம்) முடியும்வரை கலவையும் 20:1 போடுங்கள்.

ஊசிமுனை:
த்ராட்டில் மூடியிருக்கும்போது மெயின் ஜெட்டுக்கு என்ன வேலை? ஐடிலிலிருந்து கால் த்ராட்டில் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். முக்கால் வரை ஊசி. அதற்கு மேல்தான் மெயின். அப்புறம், ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியே பெட்ரோல் குறைவாகப் போகும். கலவை லீன் பக்கம்தான் நகரும். ஆர்பிஎம் தொங்கினால் எனக்கு முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. லீக் டெஸ்ட் (எஞ்சினை அடைத்துக் காற்றேற்றிக் கசிகிறதா என்று பார்ப்பது) செய்தீர்களா?

புகைப்பிரியன்:
ஆயில் விஷயம் சரி. ஆனால் எல்லோரிடமும் பிரஷர் கேஜ் இருக்குமா? சரி, மெயின் வேண்டாம், பைலட்டை ஒரு அளவு ஏற்றி ஓட்டட்டும். சின்னக் கசிவு அதிலேயே அடங்கிவிடும்.

ஊசிமுனை:
அடங்காது. ஓட்டை ஒரே அளவுதான், ஆனால் ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரியது. த்ராட்டிலைத் திறக்கத் திறக்க அந்தப் பங்கு குறையும். எந்த நிலைக்கென்று ஜெட் போடுவீர்கள்? சீல் இன்னும் கொஞ்சம் கிழிந்தால் மொத்தக் கணக்கும் போச்சு.

இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆறு நிமிடம் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். மேக்னெட் பக்க சீலை முதலில் பாருங்கள். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை கக்கும், அது தானே காட்டிக்கொடுத்துவிடும்.

மண்மேடு:
டெஸ்ட் செய்தேன். சீல்கள் நன்றாக இருக்கின்றன. கார்ப்பை மாட்டும் ரப்பர் பூட் சிலிண்டரோடு சேரும் இடத்தில் குமிழி. புது கேஸ்கெட் போட்டதும் ஆர்பிஎம் சட்டென்று இறங்குகிறது.

புகைப்பிரியன்:
நல்லது. ஆனாலும் மூடியைக் கழற்றியிருக்கும்வரை பெரிய மெயினை இறக்காதீர்கள்.

ஊசிமுனை:
அதில் எனக்கும் தகராறில்லை. ரன்னிங்-இன் முடிந்ததும் புது பிளக் போட்டு, டாப் கியரில் முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, அதன் பீங்கானின் நுனியைப் பார்க்காதீர்கள், அடியில் இருக்கும் நிற வளையத்தைப் பாருங்கள். அது வெளுத்திருந்தால் இன்னும் ஓர் அளவு ஏற்றலாம்.