பழைய பட்டாளத்துத் தண்ணி பாட்டில், மெஸ் டின்: கையில் எடுத்ததும் எதைப் பார்க்கணும்?

கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளிலும் வாரச் சந்தைகளிலும் இந்தச் சாமான் இன்னும் கண்ணில் படுதுங்க. நீலகிரி மலைக்கு மேலே வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சூலூரிலும் பீளமேட்டிலும் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு இருந்தது. அதனால் நம்ம பக்கம் இதெல்லாம் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. அலுமினியம்னா எடை போட்டு நேரா உருக்குற பவுண்டரிக்குப் போயிடும். அதுக்குள்ள பார்த்து எடுத்துடணும்.

அடிக்கடி மாட்டுறது பிரிட்டிஷ் படையின் மார்க் 7 பாட்டில். இரும்புத் தகட்டின் மேல் எனாமல் பூச்சு, அதுக்கு மேல காக்கி கம்பளி உறை, கயிற்றில் கட்டின கார்க் மூடி. இரண்டு பைன்ட், அதாவது சுமார் 1.13 லிட்டர் பிடிக்கும். இடுப்பில் ஒட்டுற பக்கம் உள்வாங்கி இருக்கும். வாங்கும் முன்னால் காலி பாட்டிலைக் காதோரம் வைத்து ஆட்டுங்க. கலகலன்னு சத்தம் வந்தா உள்ளே எனாமல் பெயர்ந்திருக்கு. அப்புறம் செல்போன் லைட்டை வாய்க்குள்ளே அடிச்சு அடிப்பக்கம் பாருங்க; துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். உறையைப் பாட்டில் மேலேயே வைத்துத் தைத்திருப்பாங்க. தையலில் நைலான் நூல் பளபளத்தா பிற்காலத்து உறை.

* * *

பாட்டிலோட மெஸ் டின்னையும், அதாவது சிப்பாய் சமைக்கவும் சாப்பிடவும் வெச்சிருந்த டின்னையும், சேர்த்துக்குங்க. பிரிட்டிஷ் படையின் 1937 மாதிரி டின் இரண்டு சேர்ந்த ஜோடி. நீள்சதுரம், மூலை வளைஞ்சிருக்கும், ஒண்ணு இன்னொண்ணுக்குள்ளே உட்காரும், மடக்குற கம்பிக் கைப்பிடி. தனியா ஒண்ணை மட்டும் காட்டினா ஜோடி விலை கொடுக்காதீங்க. பையில் எப்பவும் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். போருக்கு முன்னாடி அலுமினியத்தில் செஞ்சாங்க. போரில் அலுமினியம் விமானத்துக்குத் தேவைப்பட்டதால் ஈயம் பூசின இரும்புத் தகட்டுக்கு மாறினாங்க. ஆக, காந்தம் ஒட்டினா பெரும்பாலும் போர்க்காலத்துது.

அமெரிக்கப் படையின் தண்ணி பாட்டிலில் இந்தக் காந்தச் சோதனை ஏமாத்தும். அது ஒரு குவார்ட், ஏறக்குறைய 0.95 லிட்டர், அடியில் கப் பொருந்தும். 1942க்கு அப்புறம் எவர்சில்வரிலும் வந்தது. அதில் காந்தம் ஒட்டாது, அலுமினியம்னு நினைச்சு விட்டுடுவாங்க. கையில் தூக்கிப் பாருங்க, கனம் காட்டிக் கொடுத்துடும்.

* * *

முத்திரை விஷயத்தில் கவனம் வேணும்ங்க. அகன்ற அம்புக் குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து. அம்புக்குக் கீழே இங்கிலீஷ் ‘ஐ’ (I) எழுத்து இருந்தா இந்தியாவில் செஞ்சது. ‘சி’ (C) எழுத்துக்குள்ளே அம்பு இருந்தா கனடா. 1937 மாதிரிச் சாமான் 1947க்கு அப்புறமும் நம்ம படையில் ஓடினதால், அம்பைப் பார்த்தவுடனே உலகப் போர்னு முடிவு கட்டாதீங்க. ஆண்டு எண்ணைத் தேடுங்க. செஞ்ச கம்பெனியின் முதல் எழுத்துகளோட சேர்ந்தே வரும்.

புதுசா அடிச்ச போலி முத்திரையைக் கண்டுபிடிக்க லென்ஸ் போதும். பழைய முத்திரையின் பள்ளத்திலும் சுத்தியுள்ள உலோகம் மாதிரியே அழுக்கும் மங்கலும் இருக்கும். போலியில் பள்ளம் பளிச்சுனு இருக்கும், ஓரம் விரலில் உறுத்தும்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கே உரியது. பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியா பேர் வெட்டிக் கொடுப்பாங்களே, அது டின்னிலும் இருக்கும். சிப்பாய் ஆணியால் குத்தினது பெரும்பாலும் எண், கோணல்மாணலா, புள்ளிக்குப் புள்ளி இடைவெளி மாறும். கடைக்காரர் வெட்டினது ஒரே சீரா, இனிஷியலோட இருக்கும். பட்டாளத்தை விட்டு வந்த டின் வீட்டுச் சமையலறையில் புழங்கினதுக்கு அதுதான் சாட்சி. இரண்டையுமே அழிக்கக் கூடாதுங்க.

* * *

பெரும்பாலான சாமான் கெடுறது வாங்கின பிறகுதான். புளி, சாம்பல், கம்பி நார் எதுவும் வேண்டாம். ஈயப் பூச்சு மெல்லிசு. தேய்ச்சா போயிடும், அடுத்த மழைக்காலத்தில் துரு ஏறிடும். புதுசா ஈயம் பூசக் கொடுத்தா முத்திரையே மூடிப் போகும், சேகரிப்பவர் யாரும் வாங்க மாட்டாங்க. பூசின ஈயத்தில் காரீயம் கலந்திருக்கலாம், சமைக்கவும் ஆகாது. அலுமினியத்தைச் சலவை சோடாவில் ஊறப் போட்டா கறுத்து அரிச்சுடும். வெதுவெதுப்பான தண்ணியும் கொஞ்சம் சோப்பும் மெத்துனு ஒரு பிரஷும் போதும், கழுவின கையோட துடைச்சுடுங்க. இரும்பு டின்னுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துணியால் தடவுங்க. தேங்காயெண்ணெய் சிக்கு நாத்தம் எடுக்கும்.

கம்பளி உறையில் அந்துப்பூச்சி ஓட்டை தெரிஞ்சா, பாட்டிலை உள்ளே ஈரமே இல்லாம காயவிட்டு, பாலிதீன் பையில் காத்துப் போகாம கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைங்க. எடுத்ததும் பையைப் பிரிக்காதீங்க. குளிர் முழுசா விட்ட பிறகு பிரிச்சாதான் உறையில் தண்ணி கோர்க்காது. பீரோவில் வைக்கும்போது அந்துருண்டையை உறைமேல் படாம துணியில் முடிஞ்சு தள்ளி வைங்க. கார்க்கை வாயில் இறுக்கி அடைக்காம பக்கத்தில் வைங்க. அடைச்சு வெச்சா உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.