டி.எஸ்.எச். இயல்பு வரம்பை நிறுவ வழிகாட்டல் வேண்டும்

ஆய்வகத் தோழர்களுக்கு வணக்கம். எங்கள் மருத்துவமனையில் தைராய்டு சோதனைக் கருவியை அண்மையில் மாற்றினோம். ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) பெட்டியுடன் வரும் தாளிலுள்ள டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது உயரும்) வரம்பை அப்படியே அறிக்கையில் அச்சிடாமல், இங்குள்ள பெரியவர்களுக்கென ஒரு வரம்பை நிறுவ விரும்புகிறேன்.

குறைந்தது 120 நலமானவர்களின் மாதிரிகளை எடுத்து, முடிவுகளை ஏறுவரிசையில் அடுக்கி, இரு முனையிலும் 2.5 விழுக்காட்டை நீக்கி, நடுவிலுள்ள 95 விழுக்காட்டைக் கொள்ளும் முறையை அறிவேன். யாரை நலமானவர் என்று கொள்வது என்பதில்தான் தயங்குகிறேன். தைராய்டு பெராக்சிடேஸ் எதிர்ப்பொருள் (உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் தைராய்டையே தாக்குவதைக் காட்டும் புரதம்) உள்ளவர்கள், கழுத்தில் வீக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரை விலக்காவிட்டால் வரம்பு பிறழும். குறிப்பாக மேல் எல்லை உயர்ந்து, தொடக்க நிலைத் தைராய்டு குறைபாடு உள்ளவருக்கும் இயல்பு என்று அறிக்கை தந்துவிடுவோம் என்ற கவலை எனக்கு உண்டு. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில், இவ்வாறு வடிகட்டிய பிறகு கிடைத்த வரம்பு லிட்டருக்கு 0.45 முதல் 4.12 மில்லி அலகு.

எதிர்ப்பொருள் சோதனையை அனைவருக்கும் செய்யச் செலவு கூடுகிறது. வினாப்பட்டியலும் கழுத்துப் பரிசோதனையும் மட்டும் போதுமா? வயதேற மேல் எல்லை உயர்வதால், அறுபதைக் கடந்தோருக்குத் தனியாக 120 பேரைத் திரட்டினீர்களா? இந்த ஹார்மோன் இரவில் உயர்ந்து பகலில் தாழ்வதால் காலை எட்டு முதல் பத்து மணிக்குள் இரத்தம் எடுக்க எண்ணியுள்ளேன். சோதனை முடிவைப் பிறழச் செய்யக்கூடிய பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை உட்கொள்வோரை எத்தனை நாள் நிறுத்தச் சொன்னீர்கள் என்பதையும், நீங்கள் பயன்படுத்திய வினாப்பட்டியலையும் பகிர்ந்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.