லேவியராகமத்துல வந்து நிக்கிறேன், இதுல வாழ்க்கைக்கு என்ன எடுத்துக்கிறது?

குக்கர்விசில்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வருஷம் வேதத்தை முழுசா வாசிச்சிரணும்னு எங்க பாஸ்டர் சொன்னபடி தினம் மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை மட்டும் அஞ்சுன்னு ஆரம்பிச்சேன், மொத்தம் 1189 அதிகாரம், விடாம போனா வருஷத்துக்குள்ள முடிஞ்சிரும். ஆதியாகமம் கதை மாதிரி ஓடிருச்சு, யாத்திராகமத்துல கூடாரத்துக்கு எத்தனை முழம், எத்தனை பலகைன்னு வரும்போதே லேசா தள்ளாட்டம், இப்போ லேவியராகமம். தகனபலி, போஜனபலி, குஷ்டரோகத்தை ஆசாரியன் எப்படி பாக்கணும்... காலைல சமையலுக்கு நடுவுல வாசிக்கிறேன், பைபிளை மூடுனா ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குது. சும்மா டிக் போடுறதுக்கு வாசிக்கப் பிடிக்கல. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

மாற்குபிரியன்:
சிஸ்டர் பேசாம தாண்டிப் போயிருங்க. மாற்கு 16 அதிகாரம்தான், ஒரு வாரத்துல முடிச்சிரலாம். இல்லன்னா நீதிமொழிகள், 31 அதிகாரம், இன்னைக்கு என்ன தேதியோ அந்த அதிகாரம். நாவு, சோம்பல், கடனுக்கு ஜாமீன் நிக்கிறதுன்னு எல்லாம் நேரடியா இருக்கும்.

கொத்துக்கரண்டி:
தாண்டாதீங்க சிஸ்டர், அட்லீஸ்ட் லேவியராகமம் 19ம் அதிகாரத்தை மட்டும் வாசிச்சிட்டு தாண்டுங்க. நான் சின்னச் சின்ன வீட்டு வேலை காண்ட்ராக்ட் எடுத்துப் பண்றேன், சனிக்கிழமை சாயந்தரம் சம்பளம். ஓனர் பணம் இழுத்தடிச்சா "திங்கக்கிழமை வாங்கிக்கம்மா"ன்னு சித்தாளுக்குச் சொல்றது எங்க லைன்ல சகஜம், யாரும் தப்பாவே நினைக்க மாட்டாங்க. 13ம் வசனத்துல கூலிக்காரன் கூலி விடியிற வரைக்கும் உன்கிட்ட இருக்கக்கூடாதுன்னு இருக்கு. உபாகமம் 24லயும் அதேதான், அவன் ஏழை, அந்தக் காசை நம்பித்தான் இருக்கான்னு காரணத்தையும் சேர்த்துச் சொல்லும். புதிய ஏற்பாட்டுல யாக்கோபு 5ம் அதிகாரத்துல பிடிச்சு வச்ச கூலியே கூக்குரலிடுதுன்னு வருது, அதை வாசிச்சிட்டு சனிக்கிழமை நைட்டு நிம்மதியா சாப்பிட முடியுமா? இப்போ ஓனர் கொடுத்தாலும் கொடுக்காட்டியும் சித்தாள் காசுக்குன்னு தனியா ஒரு தொகை கையில வச்சுக்கிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கிறது. அந்த ஒரே அதிகாரத்துல கள்ளத் தராசு வைக்காதே, குருடன் முன்னாடி தடுக்கல் வைக்காதே, உன்னைப்போல பிறனையும் நேசின்னு எல்லாமே இருக்கு. கடைசியா சொன்னது இயேசு சுவிசேஷத்துல எடுத்துச் சொன்னதாச்சே.

சாயங்காலவாசிப்பு:
கொத்துக்கரண்டி அண்ணன் சொல்றது கரெக்ட், ஆனா ஒண்ணு. எல்லா அதிகாரத்துலயும் "இன்னைக்கு எனக்கு என்ன"ன்னே தேடுனா வசனத்தை வளைக்க ஆரம்பிச்சிருவோம். எரேமியா 29:11ஐப் பாருங்க, நன்மைக்கு ஏதுவான நினைவுகள்னு வாக்குத்தத்த கார்டுல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல எல்லாம் வருது. அது பாபிலோனுக்குச் சிறையா போனவங்களுக்கு எழுதுன லெட்டர், முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு இருக்கு, அதுக்கும் முன்னாடி வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊர் நல்லா இருக்க ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு. பிடிக்காத ஊர்ல வேலை பாக்குற என்னை மாதிரி ஆளுக்கு கார்டுல இருக்கிறதை விட இந்த மிச்சம்தான் உதவுது. அதனால முதல்ல யாருக்கு, எப்போ சொன்னதுன்னு பாத்துட்டு அப்புறம் நம்ம கதைக்கு வாங்க. லேவியராகமம் 19ல அறுப்பு நேரத்துல வயல் ஓரத்தை ஏழைக்கு விட்டுருன்னு வருதுல்ல, அதோட ரூத் 2ஐ சேர்த்து வாசிங்க. வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸ் அதையும் தாண்டி, கட்டுல இருந்து வேணும்னே கொஞ்சம் உருவிப் போடுங்கடான்னு வேலைக்காரங்ககிட்ட சொல்றார், கதிர் பொறுக்க வந்த ரூத்தை அதட்டவும் கூடாதுன்னு சொல்றார்.

குக்கர்விசில்:
ரொம்ப தேங்க்ஸ். 19 வாசிச்சேன். எங்க வீட்ல வேலை பாக்குற அக்காவுக்கு நான் தேதி தள்ளித்தான் கொடுத்துட்டு வர்றேன், அதை இனி ஒண்ணாம் தேதிக்கு மாத்தணும். மூணு அதிகாரத்தை ஒண்ணாக் குறைச்சுக்கலாமா? பாஸ்டர் ஏதும் சொல்வாரோ?

கொத்துக்கரண்டி:
குறைச்சுக்கோங்க சிஸ்டர், வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு வேதத்துல எங்கயும் இல்ல. ஆனா அடுத்து எண்ணாகமம் 7 வரும், 89 வசனம், 12 கோத்திரத் தலைவர்களும் வரிசையா அதே 130 சேக்கல் எடை வெள்ளித் தாலத்தைக் கொண்டு வருவாங்க. அது எனக்கும் ஓடாது, வேகமா கண்ணை ஓட்டிட்டு 8க்குப் போயிருவேன்.