மைனஸ் 25-இல் உறைந்து 50-இல் உருகும் பாலிமர்: கோளாறு மாதிரியிலா?

ஆய்வு_மாணவன்: பாலிஸ்டைரீன், பாலிஎத்திலீன் ஆக்சைடு (பிஇஓ) இரண்டின் சங்கிலிகளும் முனையோடு முனை பிணைந்த டைபிளாக் பாலிமர் ஒன்றை டிஎஸ்சியில் (சூடாக்கி, குளிரவைத்து வெப்ப மாற்றத்தை அளக்கும் கருவி) போட்டேன். பிஇஓ 15 சதவீதம்தான். தனி பிஇஓ 40 டிகிரி வாக்கில் படிகமாகி 65 அருகே உருகும். இதுவோ மைனஸ் 25 வரை குளிர்ந்த பிறகுதான் படிகமாகிறது, உருகுவது 50-இல். மாதிரி சுத்தமில்லையா?

உருக்கு_அண்ணன்: சுத்தமில்லைதான் தம்பி. கரைப்பான் மிச்சமிருக்கும், இல்லையென்றால் பிஇஓவுக்குள் பாலிஸ்டைரீன் கலந்திருக்கும். எதுவானாலும் உறைவதும் உருகுவதும் கீழே இறங்கும். வெற்றிட அடுப்பில் நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

நானோ_கூடு: உலர்த்தட்டும், தப்பில்லை. ஆனால் எண்களைப் பாருங்கள் அண்ணா. உருகுவது 15 டிகிரி இறங்கியிருக்கிறது, உறைவது 65 டிகிரி! கலப்புதான் காரணமென்றால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கியிருக்கும்.

பிஇஓ இவ்வளவு குறைவாக இருந்தால் தனித்தனி நானோ உருண்டைகளாக ஒதுங்கிவிடும். ஒரு கன சென்டிமீட்டரில் 10¹⁶-க்கும் மேல். படிகத்தைத் தொடங்கிவைக்கும் தூசு, மாசுத் துகள்கள் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. தனி பிஇஓவில் ஒரு துகள் தொடங்கினால் சுற்றியுள்ளதெல்லாம் படிகமாகிவிடும். இங்கே வீட்டுக்கு வீடு தனி அடுப்பு, தீப்பெட்டியோ ஊருக்கே நாலைந்து. ஒவ்வொரு உருண்டையும் படிகம் வளரத் தொடங்கும் முதல் புள்ளியான கருவைத் தானாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் அவ்வளவு குளிர்.

உருக்கு_அண்ணன்: அப்படியென்றால் உருகுநிலை ஏன் இறங்கியது?

நானோ_கூடு: அது வேறு கணக்கு. ஆழ்ந்த குளிரில், குறுகிய இடத்தில் உண்டாகும் படிகம் மெல்லியதாக இருக்கும். மெல்லிய படிகம் குறைந்த வெப்பநிலையிலேயே உருகும் என்பது கிப்ஸ்–தாம்சன் விதி. அந்த 15 டிகிரிக்கு இது போதும், 65-க்குப் போதாது.

உருக்கு_அண்ணன்: சரி, கரு என்கிறீர்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குக் கீழே கண்ணாடியாக இறுகிவிடுமே! நாலாபக்கமும் அது பிடித்துக்கொள்வதால் பிஇஓ சங்கிலி நகர முடியாமல் தாமதமாகிறது என்று ஏன் இருக்கக்கூடாது?

நானோ_கூடு: பாலிஸ்டைரீனுக்குப் பதில் பாலிபியூட்டடையீன் வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குளிரிலும் அது ரப்பர்தான். இருந்தும் உருண்டைக்குள் இருந்த பிஇஓ மைனஸுக்குப் போய்த்தான் படிகமானது. இரண்டு பிளாக்கும் ஒன்றையொன்று பலமாக விலக்கினாலே போதும், கண்ணாடிச் சுவர் கட்டாயமில்லை. விலக்கம் பலவீனமாக இருந்தால்தான் படிகம் உருண்டையை உடைத்துக்கொண்டு வெளியே வளரும். லூ, ரெஜிஸ்டர், ரயன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2002-இல் உடைப்பு (படிகம் உருண்டையை உடைத்து வளர்வது), அச்சுவழி (பெரும்பாலும் அதன் வடிவத்தை ஒட்டியே வளர்வது), அடைப்பு (உள்ளேயே அடங்கிவிடுவது) என்று பிரித்தது இதைத்தான்.

டிஎஸ்சி_பைத்தியம்: சண்டையை விட்டுவிட்டு மைனஸ் 20 அருகே நிறுத்திவைத்து, படிக அளவு நேரத்தோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். 2000-இல் இதே மூவர் 25 நானோமீட்டர் பாலிஎத்திலீன் உருண்டைகளில் பார்த்தது முதல்படி வேகவியல். மிச்சமிருக்கும் உருகிய உருண்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற வேகம், தொடக்கத் தாமதம் கிடையாது.

உருக்கு_அண்ணன்: முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஏறும் எஸ் வடிவ வளைவு வந்தால்?

டிஎஸ்சி_பைத்தியம்: அப்போது படிகம் உருண்டைக்கு உருண்டை தாவியிருக்கிறது, அடைப்பு வாதம் செல்லாது. உறைவதற்கு முன்னும் பின்னும் நானோ அளவு அமைப்பைக் காட்டும் சிறுகோண எக்ஸ்ரே சிதறல் எடுத்துப் பாருங்கள், உருண்டை உடைந்ததா என்று தெரிந்துவிடும்.

உருக்கு_அண்ணன்: எடுக்கட்டும். உலர்த்திவிட்டு எடுக்கட்டும்.