இரண்டு டிக்கெட், வீடு திரும்பிய ஒரு பெட்டி: ஏஜென்ட் மூலம் பயணம் போனவர்களின் அனுபவங்கள்

டிராவல் ஏஜென்ட் மூலம் ஏற்பாடு செய்து விடுமுறைக்குப் போனவர்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

நானும் மனைவியும் பத்து நாள் பயணம். நேரடி விமானம் கிடையாது, நடுவில் ஒரு நாட்டில் இறங்கி மாற வேண்டும். ஏஜென்ட் சொன்ன தொகை, நான் இணையத்தில் பார்த்ததைவிட நன்றாகவே குறைவு. எப்படிக் குறைந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. பேரம் பேசாமலே குறைந்ததே என்ற சந்தோஷத்தில் அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டேன்.

புறப்படும் நாள் இரவு, கவுன்டரில் பெட்டியைத் தராசில் ஏற்றினேன். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தபடியே, "நடுவில் இறங்குகிற நாட்டுக்கு விசா இருக்கிறதா?" என்றார். நாங்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லையே என்றேன்.

"உங்கள் பெட்டி அதுவரைதான் போகும். அங்கே குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, அடுத்த விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். இது இரண்டு தனித்தனி டிக்கெட் சார்."

விலை குறைந்த ரகசியம் அப்போதுதான் விளங்கியது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி கடைசி ஊர்வரை தானாகப் போயிருக்கும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நாம் வராத பயணி, அவ்வளவுதான். ஏஜென்டை அழைத்தேன். இரவு பதினொன்றரை மணி, எடுக்கவில்லை. மூன்று முறை அழைத்தேன்.

கடைசியில் வழி சொன்னதும் அந்தக் கவுன்டர் பெண்தான். "கைப்பை மட்டும் என்றால் நீங்கள் வெளியே வர வேண்டியதில்லை. இரண்டாவது விமானத்துக்குப் போர்டிங் பாஸை இப்போதே செல்போனில் எடுத்துக் காட்டுங்கள், அனுப்புகிறேன்." எங்கள் அதிர்ஷ்டம், அந்த நாட்டில் உள்ளேயே இருந்து மாறுவதற்கு விசா கேட்பதில்லை. சில நாடுகளில் அதற்கும் கேட்பார்களாம்.

கவுன்டர் மூட நாற்பது நிமிடம். ஆளுக்கு 7 கிலோ. பெட்டியைத் தரையில் போட்டுத் திறந்தோம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்கள் துணிமணியைப் பார்த்தார்கள். கூச்சப்பட நேரம் இல்லை. ஷாம்பு பாட்டில் வெளியே. அதில் கால்வாசிதான் இருந்தது, ஆனால் கணக்கு உள்ளே இருக்கும் அளவுக்கு இல்லை, பாட்டிலின் அளவுக்கு. 100 மில்லிக்கு மேல் என்றால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த இரண்டு ஜோடிச் செருப்பு, தடிமனான இரண்டு துண்டு, படிக்கலாம் என்று எடுத்த புத்தகங்கள், இஸ்திரிப் பெட்டி (ஆமாம், இஸ்திரிப் பெட்டி, கேட்காதீர்கள்) எல்லாம் மச்சானோடு வீடு திரும்பின. வழியனுப்ப வந்த மனுஷன் இன்னும் கிளம்பாமல் இருந்தது பெரும் புண்ணியம்.

ஆளுக்கு மூன்று செட் துணியோடு பத்து நாளும் ஓடியது. இரவில் துவைத்துக் குளியலறையில் காயப்போட்டோம். ஜீன்ஸ் மட்டும் இரண்டு நாளாகியும் காயவில்லை, அதை அடுத்த முறை தொடமாட்டேன்.

*

உங்கள் பெட்டி வீட்டுக்காவது போனது. என்னுடையது எந்த நாட்டுக்குப் போனது என்றே ஐந்து நாள் யாருக்கும் தெரியவில்லை.

பெல்ட் சுற்றி நின்றுபோய், எங்களைத் தவிர யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்தது துணிக்காக அல்ல. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை முழுவதும் அந்தப் பெட்டியில். கைப்பை கனக்கிறது என்று கடைசி நேரத்தில் நான்தான் எடுத்து அதில் போட்டேன். டாக்டர் சீட்டும் அதிலேயே. மருந்தின் மூலப்பெயர் தெரியாமல், வெள்ளை மாத்திரை, சின்னது, காலையில் ஒன்று என்று அந்நிய ஊர் மருந்துக் கடையில் நின்று விளக்கியிருக்கிறீர்களா?

இதில் எங்கள் ஏஜென்ட் அம்மாவைக் குறை சொல்லவே மாட்டேன். போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "லக்கேஜ் கவுன்டரில் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்காமல் வெளியே வந்துவிடாதீர்கள்." வாசல் வரை போய்விட்டுத் திரும்பி ஓடினேன். அங்கே பி.ஐ.ஆர். என்று ஒரு படிவம், அதற்கு ஒரு எண் தருகிறார்கள். அதன் பிறகு எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிய சின்ன லக்கேஜ் சீட்டை நல்லவேளை கிழித்துப் போடவில்லை. பெட்டி என்ன நிறம் என்றார்கள். கறுப்பு. அங்கே வரிசையாகக் கிடந்த நாற்பது பெட்டியில் முப்பது கறுப்பு.

ஏஜென்ட் அம்மா எங்கள் மூன்று விடுதிகளின் முகவரியையும் எந்தெந்தத் தேதியில் எங்கே இருப்போம் என்பதையும் அந்த எண்ணோடு சேர்த்து அனுப்பி வைத்தார். எனக்கு அது தோன்றியே இருக்காது; முதல் விடுதியை மட்டும் கொடுத்திருந்தால் பெட்டி எங்களைத் துரத்திக்கொண்டே வந்திருக்கும். சோப்பு, உள்ளாடை என்று அவசரத்துக்கு வாங்கியவற்றின் ரசீதை வைத்திருக்கச் சொன்னதும் அவர்தான். பெட்டி தாமதமாக வந்தால், அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உடைந்து வந்தால் 7 நாள்தான். மான்ட்ரியல் ஒப்பந்தம் என்று 1999-இல் போட்ட சர்வதேச விதியாம். பெட்டி வந்தபோது சக்கரம் உடைந்திருந்தது; அதை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் போயே போச்சு.

இப்போது என் துணியில் பாதி அம்மா பெட்டியில், அம்மா துணியில் பாதி என் பெட்டியில். மாத்திரை தோளில் மாட்டிய பையில். பெட்டிக்கு ஆரஞ்சு நாடா. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

*

பவர் பேங்கை யாரும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி அழைத்து, தனி அறையில் பெட்டியைத் திறக்கவைத்தார்கள். லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் கிட்டே போய் அணைக்க முடியாது, அதனால் கையோடுதான் வர வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை அனுமதி. 20,000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 74. எழுத்து அழிந்துபோன பழசு என்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், வாதாடிப் பயனில்லை.

*

பதினான்கு வருடம் டிக்கெட் போடும் மேசையில் உட்கார்ந்தவன். அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

இரண்டு டிக்கெட்டாகப் பிரித்துப் போடுவது குற்றம் இல்லை. சொல்லாமல் போடுவது தப்பு. ஆனால் நீங்களும் கேட்டிருக்க வேண்டும். "ஒரே பி.என்.ஆரா, அதாவது ஒரே பதிவு எண்ணா? பெட்டி கடைசிவரை போகுமா?" இந்த இரண்டு கேள்வி கேட்டால் எந்த ஏஜென்டும் நிமிர்ந்து உட்கார்வார்.

இன்னொன்று. "புக் ஆகிவிட்டது" என்பதும் "டிக்கெட் ஆகிவிட்டது" என்பதும் வேறு வேறு. ஆறு எழுத்து பி.என்.ஆர். வந்தால் இருக்கை பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கெடுவுக்குள் பணம் போய்ச் சேராவிட்டால் அது தானாக ரத்தாகும். 13 இலக்க டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. பி.என்.ஆரை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம், ஏஜென்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெயரை வாயால் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். போனில் கேட்டு நான் போட்ட பெயரில் ஓர் எழுத்து மாறி, ஒரு குடும்பமே கவுன்டரில் நின்றது. அதைச் சரிசெய்ய அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் படத்திலேயே முடிவுத் தேதியையும் பார்ப்போம். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும்.

விமான நேரம் மாறினால் தகவல் யாருக்கு வரும்? பதிவில் யார் எண் இருக்கிறதோ அவருக்கு. பல ஏஜென்சிகள் தங்கள் எண்ணைத்தான் போடும். உங்கள் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், போகும் டிக்கெட்டில் முதல் விமானத்தில் ஏறாமல் நடுவில் போய்ச் சேர்ந்துகொள்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி எல்லாம், திரும்பும் டிக்கெட் உட்பட, ரத்தாகிவிடும். கல்யாணத்துக்குப் போன ஒருவர் இதைச் செய்துவிட்டு என்னிடம் வந்து சண்டை போட்டார்.

*

எல்லாவற்றையும் நானே பதிவு செய்யும் கட்சி நான். ஆனால் 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியை மூடியபோது என்னோடு சிக்கியவர்களைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. ஏஜென்சி குழுவோடு வந்தவர்களுக்கு அறை நீட்டிப்பு, ரயில் டிக்கெட் எல்லாம் அவர்கள் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரே இசையை மணிக்கணக்கில் கேட்டேன். அதற்குப் பிறகும் நானேதான் பதிவு செய்கிறேன், ஆனால் பெருமையடிப்பதை விட்டுவிட்டேன்.

*

முதலில் எழுதியவன்தான். ஏஜென்டைத் திரும்பி வந்ததும் நேரில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டார், ஆனால் இரண்டு டிக்கெட் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்ததாகவும் சொன்னார். தேடிப் பார்த்தேன். இருந்தது, நான்காம் பக்கத்தில், சின்ன எழுத்தில்.

அடுத்த பயணத்துக்கும் அவரிடமேதான் கேட்டிருக்கிறேன். இந்த முறை இரவு நேர எண்ணையும் வாங்கிவிட்டேன். மனைவிதான் நம்பாமல், நேற்று இரவு பத்து மணிக்கு அதை அடித்துப் பார்த்தாள். எடுத்தார், தூக்கக் கலக்கத்தில்.