புதுப்பிப்பு: சுமை குறையும்போது தண்ணீரின் விசை எங்கே போகிறது?

டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 1897 நவம்பரில் 130 கிலோவாட் திறனுடன் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இத்தகைய சிறு நிலையங்களில், ஊரார் விளக்குகளை அணைத்துவிட்டால் பாய்ந்து வரும் நீரின் விசை என்னவாகும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். மிக நல்ல கேள்வி.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு: 100 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 200 லிட்டர் நீர் இறங்கினால் அதன் திறன் ஏறத்தாழ 196 கிலோவாட்; இழப்புகள் போக 70 விழுக்காடு தேறினாலும் 137 கிலோவாட் மின்சாரம் கிடைக்கும். திடீரெனச் சுமை, அதாவது ஊரார் பயன்படுத்தும் மின்சாரம், குறைந்தால் இந்த விசை, நீரால் சுழலும் சக்கரமான சுழலியின் வேகத்தைக் கூட்டி, மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை உயர்த்திவிடும்.

அதற்காக வால்வை உடனே மூடவும் இயலாது; குழாய் நிறைய விரைந்து வரும் நீரைச் சட்டென நிறுத்தினால், எழும் அழுத்தம் குழாயையே பிளந்துவிடக்கூடும். எனவே, விளிம்பிலுள்ள கிண்ணங்களில் நீர்த்தாரை மோதிச் சுழலும் சக்கரமான பெல்டன் சுழலியில், நீர்த்தாரைக்குக் குறுக்கே ஒரு தகடு முதலில் நுழைந்து, அதைச் சக்கரத்தின் கிண்ணங்களில் படாமல் திருப்பிவிடுகிறது. அதன் பிறகே தாரைவாயிலுள்ள ஊசி மெதுவாக முன்னேறி நீரைக் குறைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நேபாள மலைக் கிராமங்களின் மிகச்சிறு நிலையங்கள் பலவற்றில் நீரைக் குறைப்பதே இல்லை. மிஞ்சும் மின்சாரத்தை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வெப்பக் கம்பிகளுக்குத் திருப்பிவிட, அது தொட்டித் தண்ணீரைச் சூடாக்குவதில் செலவாகிறது.